கணிப்பொறிக்குச் சொல் கற்பித்த அம்மையார்

கணிப்பொறி வரலாற்றைப் புரட்டினால் பெரும்பாலும் ஆண்களின் பெயர்களையே காண்கிறோம். அவற்றினிடையே தனித்து விளங்கும் பெயர் கிரேஸ் ஹாப்பர் அம்மையாருடையது. அவர் 1906 டிசம்பர் 9-ஆம் நாள் நியூயார்க்கில் பிறந்தார். 1934-இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். வாசர் கல்லூரியில் கணிதம் கற்பித்தார். இரண்டாம் உலகப்போரின்போது கடற்படையில் சேர விரும்பினார். வயதோ அதிகம், எடையோ குறைவு. ஆயினும் விடவில்லை, விலக்கு பெற்று 1943 டிசம்பரில் சேர்ந்தே விட்டார்.

1944-இல் ஹார்வர்டில் இருந்த மார்க்-1 என்னும் 51 அடி நீளக் கணிப்பொறியில் பணி கிடைத்தது. அக்காலத்தில் ஒருவர் எழுதிய கட்டளைகளை மற்றவர் நோட்டுப் புத்தகத்திலிருந்து கையால் படியெடுப்பார்கள். பி என்னும் ஆங்கில எழுத்து அவசரத்தில் 13 ஆகிவிடும்! அப்புறம் பிழையைத் தேடி அலைய வேண்டியதுதான். இந்த வேலையை இயந்திரமே செய்தால் என்ன என்று அம்மையார் எண்ணினார். 1949-இல் எக்கர்ட்-மாக்லி நிறுவனத்தில் சேர்ந்த அவர், 1952-இல் ஏ-0 என்ற தொகுப்பியை உருவாக்கினார். ஒவ்வொரு கட்டளைத் தொகுதிக்கும் ஓர் எண். எண்ணைக் கொடுத்தால் போதும். காந்த நாடாவிலிருந்து உரிய தொகுதியை இயந்திரமே தேடி எடுத்துக் கோத்துவிடும்.

எண்ணைக் கொண்டு தேட முடியுமானால் சொல்லைக் கொண்டும் தேடலாம் அன்றோ? இங்குதான் அம்மையாரின் நுண்ணறிவு வெளிப்படுகிறது. இயந்திரத்துக்குச் சொல்லின் பொருள் தெரியாது. அதற்கு அது வெறும் எழுத்துக்கோவை. கோவையை இடைவெளி கண்ட இடத்தில் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் அகராதியில் தேட வேண்டும். கிடைத்தால் அங்கே உரிய கட்டளையை வைக்க வேண்டும். இன்று பைத்தான் செய்முறை வகுப்பில் நாம் நாலைந்து வரிகளில் செய்துவிடுவதன் மூலக்கருத்து இதுவே.

தம் திட்டத்துக்குப் பணம் கேட்டு மேலதிகாரிகளிடம் சென்றபோது அம்மையார் ஒரு வேடிக்கை செய்தார். ஆங்கிலச் சொற்களால் ஆன நிரலைக் காட்டிவிட்டு, அகராதிச் சொற்களை மட்டும் மாற்றி அதே நிரலைப் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் காட்டினார். அதிகாரிகள் திகைத்துப் போனார்கள். அமெரிக்க இயந்திரம் அயல்மொழி அறிவதாவது! ஆங்கிலத்தில் மட்டுமே செய்யப்போவதாக அவர்களை நம்பவைக்க மாதங்கள் பிடித்தன. மொழி எதுவாயினும் இயந்திரத்துக்கு ஒன்றே என்ற எளிய உண்மை படித்தவர்களுக்கே விளங்கவில்லை.

தமிழ்வழியில் பயின்று வந்த நம்மில் பலர் இஃப், வைல் ஆகிய சொற்களைக் கண்டு முதலில் மிரள்வதுண்டு. அவையும் அட்டவணைச் சொற்களே. தமிழ்ச் சொற்களால் நிரல் எழுத எழில் என்றொரு மொழி இருக்கிறது. சொல்லை மாற்றுவதால் கணக்கு எளிதாகிவிடாது என்பது வேறு செய்தி. அச்சமாவது நீங்கும்.

அம்மையாரின் முயற்சி ஃப்ளோ-மேட்டிக் மொழியாக மலர்ந்தது. 1959-இல் தொடங்கிய கோபால் மொழியின் உருவாக்கத்துக்கு அது பெரிதும் துணைநின்றது. 1966-இல் ஓய்வு கொடுத்த கடற்படை மறு ஆண்டே அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. 1986-இல் ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 79. 1992 ஜனவரி முதல் நாள் மறைந்தார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் கடற்படை மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார்.