படத்துக்குக் குரல் கொடுக்க ஸ்டூடியோவை அடகு வைத்தவர்

தருமபுரி மாவட்டத்தில் புது வீடு கட்டி முடித்தவர்கள் இப்போது ஆசைப்படும் சாமான்களில் ஒன்று, ஹோம் தியேட்டர்.

அதற்கு உயிர்நாடி 'ரிசீவர்' என்ற பெட்டி. படத்தை டெலிவிஷனுக்கு அனுப்புவது அது. ஒலியைப் பெருக்கிக் கொடுப்பது அது. உதடு அசையும்போதே குரலும் கேட்கும்படி இரண்டையும் இணைத்து வைப்பதும் அதுவே.

படம், பெருக்கிய ஒலி, இரண்டுக்கும் இணைப்பு என்ற மூன்றையும் செய்யும் ஓர் இயந்திரத்தை 1909-ம் ஆண்டிலேயே சென்னையில் ஒருவர் விலை பேசினார்.

விலை என்ன தெரியுமா? 30 ஆயிரம் ரூபாய்!

கையில் அவ்வளவு பணம் இல்லை. சோறு போட்டுக்கொண்டிருந்த போட்டோ ஸ்டூடியோவை அடகு வைத்தார். இயந்திரத்தை வாங்கினார்.

அவர்தான் ரகுபதி வெங்கையா நாயுடு. தெலுங்குப் பட உலகின் தந்தை என்று ஆந்திர மக்கள் போற்றும் மனிதர். ஆனால் அவர் வாழ்ந்ததும் தொழில் நடத்தியதும் சென்னைப் பட்டணத்தில்.

மசூலிப்பட்டினத்து ஓவியர்

வெங்கையா பிறந்தது 1869-ம் ஆண்டு, மசூலிப்பட்டினத்தில். படம் வரைவதில் கைதேர்ந்தவர். இளம் வயதிலேயே பிழைப்புத் தேடி சென்னைக்கு வந்தார். போட்டோ பிடிக்கும் தொழிலைக் கற்று, மவுண்ட் ரோட்டில் சொந்த ஸ்டூடியோ வைத்தார்.

மவுண்ட் ரோட்டில் ஸ்டூடியோ என்றால் சாதாரண விஷயம் அல்ல. துரைமார்களும் ஜமீன்தார்களும் வண்டி கட்டி வந்து இறங்கும் வீதி அது. தொழில் நன்றாகவே நடந்தது. அப்படியே இருந்திருந்தால், நல்ல போட்டோகிராபர் என்ற பெயரோடு கவலையில்லாமல் காலம் தள்ளியிருக்கலாம்.

ஆனால், அசையும் படம் அவரை அசைத்துவிட்டது.

சென்னைக்குச் சினிமா வந்தது 1890-களின் கடைசியில். முதலில் வெள்ளைக்காரர்கள் காட்டினார்கள். பிறகு நம்மவர்களும் இறங்கினார்கள். 1905-ல் கோவை சாமிக்கண்ணு வின்சென்ட், ரெயில்வே வேலையை விட்டுவிட்டு, டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்தார். அதற்கு அவர் கொடுத்தது இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய்.

வெங்கையா கொடுத்த விலையோ அதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல்! அந்தக் காலத்தில் மாதம் 25 ரூபாய் சம்பளம் வாங்கும் குமாஸ்தா ஒருவர், ஒரு காசுகூடச் செலவழிக்காமல் 100 ஆண்டு சேர்த்தால்தான் 30 ஆயிரம் ரூபாய் தேறும்.

ஏன் இவ்வளவு கொடுத்தார்? வின்சென்டின் படம் ஊமைப் படம். வெங்கையா வாங்கிய இயந்திரத்தில் படம் பாடும்!

இந்த வித்தியாசத்தைச் சரியாக எடை போட்டதில்தான் வெங்கையாவின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. ஊமைப் படம் காட்டுகிறவர்கள் ஊருக்குள் பெருகிவந்தார்கள். நாளைக்கு இன்னும் பத்துப் பேர் வருவார்கள். பாடும் படத்தைக் காட்ட முப்பதாயிரம் ரூபாயோடு யார் வருவார்கள்?

காற்று கொடுத்த குரல்

அந்த இயந்திரத்தின் பெயர் 'குரோனோமெகாபோன்'. பாரிஸ் நகரத்து கோமான்ட் கம்பெனியின் தயாரிப்பு. ஜான் டிக்கின்சன் கம்பெனி மூலம் அதை வெங்கையா வரவழைத்தார்.

லியோன் கோமான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் 1902-ம் ஆண்டு முதலே படத்தையும் கிராமபோனையும் இணைக்கப் பாடுபட்டு வந்தார். அவர் செய்த தந்திரம் வேடிக்கையானது. முதலில் பாட்டை மட்டும் இசைத்தட்டில் பதிவு செய்வார்கள். பிறகு அந்தத் தட்டை ஓடவிட்டு, நடிகர்கள் அதற்கு ஏற்ப வாயசைப்பார்கள். காமிரா அதைப் படம் பிடிக்கும். இன்று பாட்டுக் காட்சிக்கு நம் நடிகர்கள் வாயசைக்கிறார்களே, அதேதான்!

பிடித்த படத்தைக் காட்டுவதில்தான் கஷ்டம்.

படம் காட்டும் கருவி கொட்டகையின் பின்பக்கம் இருக்கும். கிராமபோன் திரைக்குப் பக்கத்தில் இருக்கும். குரல் நடிகரின் வாயிலிருந்து வருவதுபோலத் தோன்ற வேண்டும் அல்லவா? இரண்டையும் மின்சாரக் கம்பி இணைக்கும். இரண்டின் மோட்டார்களும் ஒரே வேகத்தில் சுழல வேண்டும். படம் முந்துகிறதா, பாட்டு முந்துகிறதா என்று காட்ட ஒரு முள் உண்டு. முள் நகர்ந்தால், இயக்குகிறவர் குமிழைத் திருகி படத்தின் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும்.

ஆரம்பத்திலேயே கண்டம் இருந்தது. இசைத்தட்டில் குறித்த இடத்தில் ஊசியை வைக்க வேண்டும். பிலிமில் குறித்த கட்டம் விளக்குக்கு நேராக நிற்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும், பாடகி வாயை மூடிய பிறகு பாட்டு வரும்!

பிலிம் அறுந்தால் அதைவிட ஆபத்து. அந்தக் காலப் படங்கள் வினாடிக்குச் சுமார் 16 கட்டங்கள் ஓடும். அறுந்த இடத்தில் எட்டுக் கட்டங்களை வெட்டி ஒட்டினால், அங்கிருந்து படம் அரை வினாடி முந்திவிடும். ஊமைப் படத்தில் இதை யாரும் கவனிக்க மாட்டார்கள். பாடும் படத்திலோ ஜனங்கள் சிரித்துவிடுவார்கள். வெட்டிய கட்டங்களுக்குச் சமமாகக் கறுப்புப் பிலிமை ஒட்டினால்தான் கணக்கு சரியாகும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், ஒலி. கிராமபோனின் குரல் ஒரு வீட்டுக் கூடத்துக்குத்தான் போதும். நூற்றுக்கணக்கானவர்கள் உட்காரும் மண்டபத்தில் எட்டாது. ரேடியோ வால்வு அப்போது ஒலிபெருக்கிக்கு வரவில்லை. எனவே காற்றைப் பயன்படுத்தினார்கள். ஒரு பம்பு, காற்றை அழுத்தி அனுப்பும். கிராமபோன் ஊசியின் அதிர்வுக்கு ஏற்ப ஒரு சிறு அடைப்பான் திறந்து மூடும். அதன் வழியே பாயும் காற்று, பெரிய குழாயில் பாட்டாக முழங்கும். 'மெகாபோன்' என்ற பெயர் அதனால் வந்ததுதான்.

ஆக, படக்கருவி, கிராமபோன், மோட்டார்கள், காற்றுப் பம்பு, குழாய்கள் என்று ஒரு சிறு தொழிற்சாலையே வெங்கையாவின் கைக்கு வந்து சேர்ந்தது. போட்டோ தொழில் தெரிந்தவர் என்பதால் லென்சும் விளக்கும் அவருக்குப் புதிது அல்ல. மற்றவை அனைத்தும் புதிது.

இன்றைய பெட்டியில் அன்றைய முள்

வெங்கையாவைத் திணறவைத்த அந்த முள் இன்றும் மறையவில்லை. ரிசீவரின் மெனுவில் 'லிப் சிங்க்' என்று ஓர் இடம் இருக்கிறது. வினாடியை ஆயிரமாகப் பிரித்து, ஒலியைத் தாமதப்படுத்தும் வசதி அது. புதிய டெலிவிஷன்கள் படத்தை மெருகேற்ற நேரம் எடுத்துக் கொள்வதால், குரல் முந்திவிடும். செய்தி வாசிப்பவரின் உதட்டைப் பார்த்து இதைச் சரிசெய்யலாம்.

வாங்கும் முறையும் பெரிதாக மாறவில்லை. அன்று மண்டபத்தின் அளவுக்கு ஏற்பக் காற்றின் பலம் வேண்டியிருந்தது. இன்று அறையின் அளவுக்கு ஏற்ப வாட் வேண்டும். அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சடித்த வாட் எண்ணை நம்பி ஏமாறக்கூடாது. எல்லா ஒலிபெருக்கிகளும் ஒன்றாக ஒலிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் எத்தனை வாட் கிடைக்கும் என்று கேட்க வேண்டும். ஒலிபெருக்கியின் 'ஓம்' அளவு ரிசீவர் தாங்கும் அளவுதானா என்றும் பார்க்க வேண்டும்.

12 அடிக்கு 15 அடி கூடம் உள்ள வீட்டுக்கு, ஐந்து ஒலிபெருக்கிகளும் அதிர்வுக்கு ஒன்றும் சேர்ந்த 5.1 முறையே தாராளம். வசனம் வரும் நடு ஒலிபெருக்கி டெலிவிஷனுக்கு நேர் கீழே இருக்க வேண்டும். திரைக்குப் பக்கத்தில் கிராமபோனை வைத்த அதே காரணம்தான்! இரண்டு ஒலிபெருக்கிகள் முன்னால் இடமும் வலமும், காது உயரத்தில். மற்ற இரண்டும் உட்காரும் இடத்துக்குப் பக்கவாட்டில், சற்றே பின்னால். வெறும் சிமெண்டுச் சுவரும் டைல்ஸ் தரையும் எதிரொலிக்கும். கனத்த திரைச்சீலையும் ஒரு ஜமுக்காளமும் இருந்தால் பாதித் தொல்லை தீரும். வோல்டேஜ் ஏறி இறங்கும் கிராமமானால் ஸ்டெபிலைசர் அவசியம். அன்றைக்கு மோட்டாரின் வேகத்தைக் கெடுத்ததும் இந்த ஏற்ற இறக்கம்தான்.

விக்டோரியா ஹாலில் இருந்து ரங்கூன் வரை

1910-ம் ஆண்டு, சென்டிரல் ரெயில் நிலையம் அருகே உள்ள விக்டோரியா பப்ளிக் ஹாலில் வெங்கையா தன் இயந்திரத்தை அரங்கேற்றினார்.

திரையில் ஓர் ஆள் வாயைத் திறக்கிறான். மண்டபம் முழுவதும் பாட்டு கேட்கிறது! பாட்டு அந்நிய பாஷை. படமோ மூன்று நான்கு நிமிஷம்தான். ஒரு தட்டில் அவ்வளவுதான் பிடிக்கும். ஆனாலும் அதிசயம், அதிசயம்தான். நாடக மேடையில் நேரில் பாடுகிறவரைக் கண்டவர்களுக்கு, இல்லாத ஒருவர் எதிரில் நின்று பாடுவது புதுமை.

பிறகு இயந்திரத்தை மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டார். விஜயவாடா, பெங்களூர், கடல் தாண்டி இலங்கை, பர்மாவில் ரங்கூன், பெகு என்று சுற்றினார்.

அது எப்படிப்பட்ட காலம் என்பதைத் தருமபுரிக்காரர்கள் சுலபமாகப் புரிந்துகொள்ளலாம். அன்று தருமபுரி, சேலம் ஜில்லாவைச் சேர்ந்த சிறு ஊர். மொரப்பூரிலிருந்து குறுகிய தண்டவாளத்தில் சின்ன ரெயில் வந்ததே 1906-ல்தான். மின்சாரம் என்பது சென்னை, பெங்களூர் போன்ற சில நகரங்களின் சொத்து. சேலம் சீமைக்குப் பலம் கொடுத்த மேட்டூர் நீர்மின்சாரம் 1937-ல்தான் வந்தது. இந்த நிலைமையில், மின்சாரமும் காற்றுப் பம்பும் இல்லாமல் பேசாத ஓர் இயந்திரத்தைக் கப்பலிலும் ரெயிலிலும் ஏற்றி இறக்கி, ஒவ்வோர் ஊரிலும் பிரித்து, மாட்டி, முள்ளைச் சரிபார்த்து ஓட்டினார் என்றால், அந்த உழைப்பை என்னவென்று சொல்வது!

உழைப்பு வீண் போகவில்லை. சுற்றுப்பயணத்தில் வந்த வருமானம் அவரை அடுத்த படிக்கு ஏற்றியது.

கெயிட்டி எழுந்தது

ஒவ்வோர் ஊரிலும் மாட்டிக் கழற்றிய அனுபவம் வெங்கையாவுக்கு ஒரு பாடம் ஆயிற்று. இயந்திரத்துக்கு நிலையான வீடு வேண்டும்.

1914-ல் சென்னை மவுண்ட் ரோடு அருகே 'கெயிட்டி' கொட்டகையைக் கட்டினார். சென்னையில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் நிரந்தர சினிமாக் கொட்டகை அது. பிறகு தங்கசாலைத் தெருவில் 'கிரவுன்'. புரசைவாக்கத்தில் 'குளோப்'. இந்த குளோப்தான் பிற்காலத்தில் 'ராக்ஸி' என்று பெயர் மாறியது.

இதற்குள் பட உலகம் திசை மாறிவிட்டது. அமெரிக்காவிலிருந்து நீண்ட கதைப் படங்களும், வாராவாரம் தொடரும் மர்மப் படங்களும் வந்து குவிந்தன. அவை ஊமைப் படங்கள்தான். ஆனால் ஜனங்கள் கதைக்கு மயங்கினார்கள். மூன்று நிமிஷப் பாட்டு எத்தனை தடவை இனிக்கும்? ஒலியை நம்பிச் சொத்தை அடகு வைத்தவர், காலத்தைப் பார்த்து ஊமைப் படத்துக்குத் தயங்காமல் மாறினார். பிடிவாதம் பிடித்திருந்தால் அப்போதே முழுகியிருப்பார்.

மகனை சீமைக்கு அனுப்பினார்

படம் காட்டியது போதும், படம் எடுக்க வேண்டும் என்ற ஆசை அடுத்து வந்தது. மகன் சூரிய பிரகாஷை சினிமாத் தொழில் கற்க இங்கிலாந்துக்கு அனுப்பினார்.

மகன் திரும்பியதும், 'ஸ்டார் ஆப் தி ஈஸ்ட்' என்ற கம்பெனி பிறந்தது. சூரிய வெளிச்சத்தில் படம் பிடிக்கும் கண்ணாடி ஸ்டூடியோவும் அமைந்தது. 1921-ல் 'பீஷ்ம பிரதிக்ஞை' வெளிவந்தது. சூரிய பிரகாஷ்தான் டைரக்டர். பீஷ்மரும் அவரே! கங்கையாக நடித்தவர் பெக்கி காஸ்டெல்லோ என்ற ஆங்கிலோ-இந்தியப் பெண். நல்ல குடும்பத்துப் பெண்கள் காமிராவுக்கு முன் வர அஞ்சிய காலம் அது.

தெலுங்குப் பட வரலாறு இந்தப் படத்திலிருந்துதான் தொடங்குகிறது என்பார்கள். ஊமைப் படத்துக்கு ஏது பாஷை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எடுத்தவர்கள் தெலுங்கர்கள் என்பதால் அந்தப் பெருமை.

பெருமை கிடைத்த அளவுக்குப் பணம் கிடைக்கவில்லை. கொட்டகையில் சம்பாதித்தது ஸ்டூடியோவில் கரைந்தது. கடன் ஏறியது. அன்று ஒரு முறை ஸ்டூடியோவை அடகு வைத்தபோது அதிர்ஷ்டம் கைகொடுத்தது. இரண்டாவது முறை அது வரவில்லை. கட்டிய கொட்டகைகள் ஒவ்வொன்றாகக் கைமாறின.

1931 அக்டோபர் 31-ந் தேதி சென்னை கினிமா சென்டிரலில் 'காளிதாஸ்' திரையிடப்பட்டது. தமிழ் பேசிய முதல் படம். காற்றுப் பம்பு செய்த வேலையை இப்போது வால்வு செய்தது. இசைத்தட்டு ஓட்டமும் பிலிம் ஓட்டமும் தனித்தனியாக இருந்த தொல்லை, ஒலியைப் பிலிமிலேயே பதிக்கும் முறையால் ஒழிந்தது. சென்னை மக்களுக்கு விக்டோரியா ஹாலில் பாடும் படத்தைக் காட்டி 21 ஆண்டுகள் கழித்து நடந்த இந்தக் கோலாகலத்தின்போது, வெங்கையாவுக்கு வயது 62.

1941 மார்ச் 15-ந் தேதி அவர் காலமானார். மகன் சூரிய பிரகாஷ் 1956 வரை வாழ்ந்தார்.

ஆந்திர அரசு 1980-ல் வெங்கையாவின் பெயரால் திரைப்பட விருது ஒன்றை ஏற்படுத்தியது. அவர் கட்டிய மூன்று கொட்டகைகளும் இன்று இல்லை. கெயிட்டியில் அந்த நூற்றாண்டு முடியும் வரை படம் ஓடிக்கொண்டிருந்தது.