ஆயனில்லா மந்தையை நாடி வந்த அடிகள்

அரசு மாறுங்கால் வரியும் சட்டமும் மாறுதல் இயல்பு. வழிபாடும் உடன் மாறவேண்டுமென ஆள்வோர் விதிக்கும்பொழுதே மக்களின் உள்ளவுறுதி சோதனைக்கு உள்ளாகின்றது. யாழ்ப்பாணத்து மக்கள் நாற்பது ஆண்டுகளுக்குள் இச்சோதனைக்கு இருமுறை ஆளாயினர். 1619இல் நாட்டைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் சைவக் கோயில்களை இடித்துக் கத்தோலிக்க சமயத்தை நாட்டினர். 1658இல் அவர்களை வென்ற ஒல்லாந்தர், கத்தோலிக்க சமயத்தை விலக்கித் தமது சீர்திருத்தத் திருச்சபையை நிலைநாட்ட முற்பட்டனர். அவ்விரண்டாம் மாற்றத்தின்போது துணையற்று நின்ற ஒரு மக்கட் கூட்டத்துக்காகத் தம் வாழ்நாளை ஈந்தவர் யோசேவ் வாஸ் அடிகள் ஆவர்.

அடிகள் 1651ஆம் ஆண்டு சித்திரை மாதம் 21ஆம் திகதி, கோவாவைச் சார்ந்த சால்செத்துப் பகுதியிலுள்ள பெனாவுலிம் என்னும் ஊரிலே பிறந்தார். தந்தையார் கிறிஸ்தோவாம் வாஸ்; தாயார் மரியா த மிராண்டா. கொங்கணி பேசும் பிராமண குலத்திலிருந்து கிறிஸ்தவம் தழுவிய குடும்பம் அவர்களுடையது. கோவாவிலே கற்கவேண்டிய கல்வியை முறையாகக் கற்று, 1676இல் குருப்பட்டம் பெற்றார்.

இலங்கைக் கத்தோலிக்கர் குருமாரின்றி வாடும் செய்தி அக்காலத்திலேயே அவர் செவிக்கெட்டியது. அங்குச் செல்ல அவர் அனுமதி வேண்டினார். மேலிடத்தாரோ 1681இல் அவரைக் கன்னடக் கரைக்கு அனுப்பினர். அங்கே மூன்றாண்டுகள் பணிசெய்து, சிதறிக் கிடந்த சபைகளை ஒருங்குசேர்த்து மீண்டார். 1685இல் கோவாவில் உள்நாட்டுக் குருமார் சிலர் கூடி வாழ்ந்த ஒரு சிறு குழுவிலே சேர்ந்து, அதன் தலைவராகவும் ஆனார். அக்குழுவுக்குப் புனித பிலிப்பு நேரியாரின் ஒறற்றோரியன் சபை ஒழுங்கைப் பெற்றுக்கொடுத்தவர் அவரே. தலைமைப் பதவி அவரைக் கட்டிவைக்கவில்லை. அதனைத் துறந்து, 1686இல் யோவான் என்னும் பணியாளனுடன் தெற்கு நோக்கிப் புறப்பட்டார்.

அவர் நாடிவந்த மக்களின் நிலையை இங்கே சிறிது நோக்குதல் வேண்டும். ஒல்லாந்தர் குருமாரை நாடுகடத்தினர். குருவானவரை வீட்டில் மறைத்துவைப்போருக்கு மரணதண்டனை என்று விதித்தனர். கோயில்கள் யாவும் அவர்தம் சபைக்குரியனவாயின. கோயிலோடு சார்ந்த பள்ளிக்கூடங்களில் பிறப்பும் விவாகமும் பதியப்பட்டன. அப்பதிவேடுகளே பள்ளித் தோம்பு எனப்பட்டவை. அத்தோம்பிலே பெயர் இல்லாதவனுக்கு முதுசம் பெறுவதும் உத்தியோகம் பெறுவதும் அரிதாயின. ஒல்லாந்தர் செய்தன யாவும் தீங்கென்று கூறுதல் நடுநிலையாகாது. அவர்கள் பள்ளிகளைப் பேணினர். பால்தேயு போதகர் போன்றோர் தமிழைக் கற்று நூலும் எழுதினர். ஆயினும் மனச்சாட்சியைச் சட்டத்தாற் கட்டமுயன்ற குற்றம் அவர்களைச் சாரும். அவர்களுக்கு முன்னிருந்தோரையும் அது சாரும்.

இவ்விடுக்கணில் மக்கள் பலர் இருவழியும் நடந்தனர். பிள்ளைக்கு ஞானஸ்நானமும் விவாகமும் அரசாங்கச் சபையிலே நடைபெற்றன. பொழுதுபட்டபின் வீட்டுக் கதவை அடைத்துச் செபமாலை ஓதினர். மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் தம் மாதா சொரூபத்தைச் சுமந்துகொண்டு வன்னிக் காட்டினுள் புகுந்தன என்பதும், அதுவே மடுத் திருப்பதியின் தோற்றம் என்பதும் வழிவழிவந்த செய்தி. ஒரு தலைமுறை இவ்வாறு கழிந்தது. பூசையைக் கண்ணாற் காணாத பிள்ளைகள் வளர்ந்து தாமும் பெற்றோராயினர். தாய்மாரின் நாவிலே தங்கிய செபங்களே அவர்களுக்கு வேதநூலும் கோயிலுமாய் இருந்தன.

1687இல் யாழ்ப்பாணக் கரையை அடைந்த அடிகள், குருவானவர்க்குரிய கோலத்தில் வரவில்லை. கந்தை உடுத்த இரவலராய் வந்தார். கடற்பயணத்தின் துன்பத்தால் கடும் வயிற்றுளைவு கண்டு, பற்றுவாரின்றிக் கிடந்து, ஏழைகள் சிலர் ஈந்த கஞ்சியால் உயிர்பிழைத்தார் என்பர். உடல் தேறியதும் கழுத்திலே செபமாலையை அணிந்து, வீடுவீடாகச் சென்று பிச்சை ஏற்றார். யார் கத்தோலிக்கர் என வாய்திறந்து வினவுதல் அவருக்கும் கேடு, வினவப்பட்டோருக்கும் கேடு. ஆதலால் அம்மாலையைக் கண்டு முகம் மலர்ந்தவர் யார், அஞ்சியவர் யார், மீண்டும் வருமாறு குறிப்பாலுணர்த்தியவர் யார் என்று நோக்கினார். நாளடைவில் ஒரு குடும்பம் அவரை நம்பியது; அதனைத் தொடர்ந்து பல குடும்பங்கள் நம்பின.

பண்டத்தரிப்பை அடுத்துள்ள சில்லாலை என்னும் ஊரே அவருக்குப் புகலிடமாயிற்று. அங்கிருந்து இரவிலே அயலூர்களுக்குச் சென்று பூசை நிறைவேற்றினார், பாவசங்கீர்த்தனம் கேட்டார், விவாகங்களை ஆசீர்வதித்தார். அச்சத்தினால் வெளியே பணிந்து நடந்தோரை அவர் இகழ்ந்து தள்ளினாரல்லர். திரும்பிவர விரும்பிய ஒவ்வொருவரையும் ஏற்றுக்கொண்டார். தண்டனைக்குட்பட்டோரின் அச்சத்தை, தண்டனைக்கு வெளியே நிற்போர் எடைபோடுதல் எளிது; அடிகள் அவர்களோடு அத்தண்டனைக்குள்ளேயே வாழ்ந்தமையால் அவர்களை அறிந்துகொண்டார்.

ஒரு நத்தார் இரவில், வழிபாட்டுக்குக் கூடியிருந்தோரை ஒல்லாந்தப் படையினர் வளைத்துப் பிடித்தனர். அடிகள் தப்பினார். ஆனால் அவரைக் காட்டிக்கொடாத தலைவர் சிலர் கசையடியும் சிறையும் ஏற்றனர். தாம் இருக்குமிடமே பிறர்க்கு ஆபத்தாதல் கண்ட அடிகள், கண்டி அரசனுக்குட்பட்ட புத்தளத்துக்குச் சென்று, பின் 1692இல் கண்டி நகரை அடைந்தார். அங்கே போர்த்துக்கேய ஒற்றர் என்று குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறையிடப்பட்டார். சிறையிருந்த காலத்தில் சிங்களத்தைக் கற்றார்; காவல் தளர்ந்ததும் அங்கேயே ஓலைக் கொட்டில் ஒன்றைக் கோயிலாக்கினார். அவரது ஒழுக்கத்தைக் கண்டு ஐயம் நீங்கிய இரண்டாம் விமலதர்மசூரியன், பௌத்த அரசனாயிருந்தும், தன் நாட்டில் அவர் தடையின்றிப் பணிசெய்ய இசைந்தான். மழை பொய்த்த ஒரு காலத்தில் அடிகள் வேண்ட மழை பெய்தது என்று கத்தோலிக்கர் கூறிவருவர்.

மழையினும் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது 1697இல் நிகழ்ந்தது. அவ்வாண்டு கண்டியில் பெரியம்மை பரவியது. அரசனும் செல்வரும் நகரை நீங்கினர். நோயாளரை உற்றாரே காட்டில் விட்டகன்றனர். அடிகளும், அவர்தம் மருகரான யோசேவ் கர்வால்யோ குருவானவரும் அவர்களைத் தேடிச் சென்று, புண் கழுவி, உணவூட்டி, இறந்தோரை அடக்கஞ்செய்தனர். அந்நோயாளருள் பெரும்பாலோர் கிறிஸ்தவரல்லர். தம் மந்தையை நாடி வந்தவர், மந்தைக்கு வெளியே நின்றோருக்கும் ஆயனாயினார்.

கோவாவிலிருந்து மேலும் குருமார் வந்து சேர்ந்தனர். அவர்களுள் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் பல சமய நூல்கள் இயற்றி, இரு மொழிக்கும் தொண்டாற்றியவர். குருமார் சிலராயும் ஊர்கள் பலவாயும் இருந்தமையால், யோசேவ் வாஸ் அடிகள் ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவிமாரையும் அமர்த்தினார். செபம் நடத்துதல், சிறுவருக்கு ஞானோபதேசம் கற்பித்தல், இறக்குந் தறுவாயில் உள்ளோருக்குத் துணைநிற்றல், பிறந்த பிள்ளை ஆபத்தானால் ஞானஸ்நானம் கொடுத்தல் ஆகிய கடமைகள் அவர்களுடையன. குருவானவர் ஆண்டுக்கொருமுறை வந்தாலும், வாராதொழிந்தாலும், சபை கலையாதிருக்க அவர் கண்ட வழி இதுவே. ஆசிரியத் தொழில் புரிவோர் இதனைச் சிறப்பாக நினைதல் தகும். அண்ணாவி என்னுஞ் சொல்லுக்கு ஆசான் என்பதே பொருள்.

மேற்றிராணியார் பதவி தம்மை நாடிவந்தபோதும் அவர் ஏற்கவில்லை. இருபத்துநான்கு ஆண்டுகள் இந்நாட்டிற் கால்நடையாய்த் திரிந்து, பிறந்த நாட்டுக்கு ஒருமுறையேனும் மீளாது, 1711ஆம் ஆண்டு தை மாதம் 16ஆம் திகதி கண்டியிலே உயிர்நீத்தார். அவரை அடக்கஞ்செய்த கோயில் பின்னாளில் அழிந்தது. கல்லறை இருந்த இடமும் இன்று அறியப்படவில்லை.

அவர் அமைத்த ஒழுங்குக்குச் சோதனையும் விரைவில் வந்தது. ஸ்ரீ விஜயராஜசிங்கன் காலத்தில் குருமார் கண்டி இராச்சியத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர். கரையோரத்தில் ஒல்லாந்தர் தடை முற்றும் நீங்க, ஆங்கிலேயர் ஆட்சியில் 1806ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அத்துணைக் காலமும் மூப்பரும் அண்ணாவிமாரும் தாய்மாரும் விளக்கை அணையவிடவில்லை. 1995இல் கொழும்புக் காலிமுகத்திடலில் அடிகள் முத்திப்பேறு பெற்றவராகவும், 2015இல் அதே திடலில் புனிதராகவும் பாப்பரசரால் அறிவிக்கப்பட்டார்.

கல்லறை காணாமற் போயினும், அவர் நிறுத்திய மக்கள் நின்றனர். ஒரு சபையின் உறுதி கோயிற் சுவரினும் அரசனது தயவினும் மேலாக வீட்டு முற்றத்திலே தங்கியுள்ளது என்பதை அவர் சரிதம் காட்டுகின்றது. இப்பாடம் எச்சமயத்தார்க்கும் உரியது. ஆலயம் இடிபட்ட துயரைப் போர்த்துக்கேயர் காலத்திலேயே அறிந்த சைவராகிய எம்மனோர்க்கு, அது அயலார் கதையன்று.