மூச்சு வாங்கியவர் செய்த சின்னக் காமிரா

சட்டைப் பையில் அடங்கும் காமிராவை உலகத்துக்குக் கொடுத்தவர் ஒரு நோயாளி.

மேட்டில் ஏறினால் அவருக்கு மூச்சு வாங்கும். கனமான சாமானைத் தூக்கினால் நெஞ்சு அடைக்கும். அப்படிப்பட்டவருக்குப் போட்டோ எடுப்பதில் தீராத ஆசை!

அந்த ஆசைக்கும் நோய்க்கும் நடந்த போராட்டத்தில் பிறந்ததுதான் "லைக்கா" காமிரா. அதைச் செய்தவர் ஆஸ்கார் பார்னாக். ஜெர்மனி நாட்டுக்காரர்.

ஓவியராக ஆசை

1879-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி, லீனோ என்ற சிற்றூரில் பார்னாக் பிறந்தார். பெர்லின் நகரத்துக்குத் தெற்கே உள்ள ஊர் அது.

மலை, மரம், ஆறு இவற்றை வரையும் ஓவியராக வேண்டும் என்பது பையனின் ஆசை. படம் வரைந்தால் வயிறு நிறையுமா என்பது தகப்பனாரின் கவலை. கையில் ஒரு தொழில் இருக்கட்டும் என்று மகனை ஒரு பட்டறையில் சேர்த்துவிட்டார்.

வானத்தை ஆராயும் கருவிகளைச் செய்யும் பட்டறை அது. மயிரிழை பிசகினாலும் கருவி உதவாது. அங்கே பார்னாக்கின் கை பழகியது. கண் கூர்மை பெற்றது.

தொழில் கற்றபின் ஊர் ஊராகப் போய் வேலை செய்தார். 1902-ம் ஆண்டு, யேனா நகரில் உள்ள புகழ்பெற்ற சைஸ் கம்பெனியில் சேர்ந்தார். உலகத்துக்கு லென்ஸ் செய்து கொடுத்த இடம் அது.

முதுகை முறித்த பெட்டி

யேனாவைச் சுற்றிலும் காடும் மலையும் உண்டு. லீவு நாளில் பார்னாக் படம் எடுக்கப் புறப்படுவார்.

அந்தக் காலத்துக் காமிரா ஒரு பெரிய பெட்டி. பிலிம் சுருளுக்குப் பதிலாகக் கண்ணாடித் தகட்டில் படம் பிடிப்பார்கள். ஒரு தகடு 13 சென்டி மீட்டருக்கு 18 சென்டி மீட்டர். அந்தத் தகடுகளை வைக்கும் சட்டங்கள், அவற்றுக்கு ஒரு தோல் பை, பெட்டியை நிறுத்த முக்காலி, இத்தனையும் சுமக்க வேண்டும்.

ஈளை நோய் உள்ளவர் எத்தனை தூரம் சுமப்பார்? பாதி வழியிலேயே மூச்சுத் திணறும்.

ஆனாலும் அவர் படம் எடுப்பதை விடவில்லை. சுமையைக் குறைக்க வழி தேடினார்.

1905-ம் ஆண்டு வாக்கில் ஒரு யோசனை தோன்றியது. ஒரே கண்ணாடித் தகட்டில் பதினைந்து, இருபது சின்னப் படங்களை வரிசையாக எடுத்துப் பார்த்தார். பிறகு அவற்றைப் பெரிதாக்கினார். படம் தேறவில்லை. தகட்டில் பூசிய மருந்தின் மணிமணியான பொடி, படத்தில் மணலைத் தூவியது போலத் தெரிந்தது.

யோசனை தோற்றது. ஆனால் அவர் மனத்தை விட்டுப் போகவில்லை. படச்சுவடி சின்னதாக இருக்க வேண்டும், படம் பெரியதாக வர வேண்டும் என்பதையே நினைத்துக் கொண்டிருந்தார்.

நோயாளிக்கு வேலை கொடுத்த முதலாளி

லான் ஆற்றங்கரையில் வெட்ஸ்லார் என்று ஒரு சிறு நகரம். அங்கே எர்ன்ஸ்ட் லைட்ஸ் என்பவரின் கம்பெனி நுண்பெருக்கிக் கண்ணாடிகளைச் செய்து வந்தது. கண்ணுக்குத் தெரியாத கிருமிகளையும் பார்க்க உதவும் கருவி அது.

பார்னாக்கின் நண்பர் எமில் மெக்காவ் முன்பே அங்கு வேலைக்குச் சேர்ந்திருந்தார். பார்னாக்கைப் போன்ற கைகாரர் வேண்டும் என்று முதலாளியிடம் சிபாரிசு செய்தார்.

பார்னாக்குக்குத் தயக்கம். அடிக்கடி படுக்கையில் விழும் ஆளை வைத்துக்கொண்டு கம்பெனிக்கு என்ன லாபம் என்று நினைத்தார். தம் நோயை மறைக்கவும் அவருக்கு மனம் வரவில்லை.

லைட்ஸ் முதலாளி திறமையைப் பார்த்தார். நோயைப் பெரிதாக எண்ணவில்லை. 1911-ம் ஆண்டு ஜனவரியில் பார்னாக் வெட்ஸ்லாரில் வேலைக்கு வந்தார். பரிசோதனைப் பட்டறை அவர் பொறுப்பில் விடப்பட்டது.

சினிமாப் பிலிம் காட்டிய வழி

அப்போது சினிமா வளர்ந்து வந்த காலம். பார்னாக் சினிமாக் காமிரா ஒன்றையும் செய்து பார்த்தார். 35 மில்லி மீட்டர் அகலமுள்ள சினிமாப் பிலிம் அவர் கையில் புழங்கியது.

நீளமான பிலிம். சுருட்டினால் கைக்குள் அடங்கும். கண்ணாடித் தகட்டின் கனம் இல்லை. பல வருஷங்களாகத் தேடிய பொருள் எதிரிலேயே கிடந்தது!

சினிமாவின் ஒரு கட்டம் 18 மில்லி மீட்டருக்கு 24 மில்லி மீட்டர். அது மிகவும் சிறியது. பார்னாக் இரண்டு கட்டங்களைச் சேர்த்து ஒன்றாக்கினார். 24-க்கு 36 என்ற அளவு வந்தது. தபால் தலை அளவுள்ள படம்! பின்னாளில் உலகம் முழுவதும் பரவிய பிலிம் காமிரா அளவு இதுதான். இன்றைய டிஜிட்டல் காமிராக்களிலும் "முழு அளவு" என்று சொல்லப்படுவது இதுவே.

1914-ம் ஆண்டுக்குள் முதல் காமிரா தயாராகிவிட்டது. உலோக உடம்பு. உள்ளங்கையில் அடங்கும் உருவம். பிலிமை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தினால், படம் பிடிக்கும் திரையும் தானாகவே தயாராகிவிடும். ஆகையால் ஒரே இடத்தில் இரண்டு படம் விழுந்து கெடும் தொல்லை இல்லை.

அந்த ஆண்டு ஆகஸ்டில் உலகப் போர் மூண்டது. வெட்ஸ்லார் வீதியில் ஒட்டப்பட்ட போர் உத்தரவின் அருகே நின்ற சிப்பாயைப் பார்னாக் இந்தக் காமிராவில் பிடித்தார். 1920-ம் ஆண்டு லான் ஆறு பெருகி ஊருக்குள் புகுந்தபோதும், வெள்ளத்தைத் தொடர்ச்சியாகப் படம் எடுத்தார்.

முக்காலி இல்லை. தோல் பை இல்லை. மூச்சும் முட்டவில்லை!

பிழையும் பெரிதாகும்

காமிரா கிடைத்தது. அதற்கு ஏற்ற லென்ஸ் வேண்டுமே?

தபால் தலை அளவுள்ள படத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கினால், லென்ஸில் உள்ள பிழையும் பத்து மடங்கு பெரிதாகும். சினிமாவுக்குச் செய்த லென்ஸைப் பார்னாக் மாட்டிப் பார்த்தார். நடுவில் தெளிவு இருந்தது. மூலைகள் மங்கின. அது பாதி அளவுக் கட்டத்துக்காகச் செய்த லென்ஸ் அல்லவா?

இந்தக் குறையைத் தீர்க்க வந்தவர் மாக்ஸ் பெரெக். அதே கம்பெனியில் இருந்த கணக்கு மேதை. ஒளி எந்தக் கண்ணாடியில் எப்படி வளையும் என்பதைக் கணக்குப் போட்டே கண்டுபிடிப்பார். அவர் அமைத்த 50 மில்லி மீட்டர் லென்ஸ் மூலை வரை தெளிவாகப் படம் பிடித்தது.

எர்ன்ஸ்ட், லைட்ஸ் என்ற பெயர்களின் முதல் எழுத்துகளோடு மாக்ஸ் என்ற பெயரையும் சேர்த்து அதற்கு "எல்மாக்ஸ்" என்று பெயர் வைத்தார்கள். பின்பு அதைத் திருத்தி நான்கு கண்ணாடிகளில் அமைத்தார் பெரெக். அதுதான் புகழ்பெற்ற "எல்மார்".

துணிந்த முதலாளி

போருக்குப் பிறகு ஜெர்மனி நொடித்துவிட்டது. 1923-ம் ஆண்டு நவம்பரில் ஒரு டாலர் வாங்க 4 லட்சம் கோடி மார்க்குக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது!

லைட்ஸ் முதலாளி 1920-ல் காலமாகிவிட்டார். அதே பெயர் கொண்ட அவர் மகன் கம்பெனியை நடத்தினார். வியாபாரம் மந்தம். தொழிலாளர்களுக்கு வேலை கொடுத்தாக வேண்டும்.

பார்னாக்கின் காமிராவைச் சோதனைக்காகச் சிலரிடம் கொடுத்தார்கள். ஒருவர் புகழ்ந்தார். இன்னொருவர் இது பொம்மை என்று ஒதுக்கினார். கடைக்காரர்களும் தயங்கினார்கள்.

1924-ம் ஆண்டு ஜூன் மாதம் கம்பெனிப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். வேண்டாம் என்றவர்களே அதிகம். நுண்பெருக்கிக் கண்ணாடி செய்யும் கம்பெனிக்குக் காமிரா எதற்கு? பணம் முழுகினால் என்ன கதி?

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இளைய லைட்ஸ் முடிவு சொன்னார். காமிராவைச் செய்தே தீருவது!

1925-ம் ஆண்டு வசந்த காலத்தில் லைப்சிக் சந்தையில் காமிரா அறிமுகமானது. லைட்ஸ், காமிரா என்ற இரண்டு சொற்களையும் சேர்த்து "லைக்கா" என்று பெயர். பொம்மை என்றவர்களும் பிறகு அதைத் தேடி வந்தார்கள்.

1930-ல் லென்ஸைக் கழற்றி மாற்றும் லைக்கா வந்தது. முதலில் ஒவ்வொரு லென்ஸையும் அதனதன் காமிராவுக்கென்று தனியாகப் பொருத்திக் கொடுத்தார்கள். 1931-ல் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு வந்தது. லென்ஸ் உட்காரும் வளையத்திலிருந்து பிலிம் வரை 28.8 மில்லி மீட்டர். இந்த அளவுதான் பழைய லென்ஸ்களின் உயிர்நாடி. 1932-ல் தூரத்தைப் பார்த்துத் தெளிவு கூட்டும் கருவியும் காமிராவோடு சேர்ந்தது.

பழைய லென்ஸ் இன்றும் படம் பிடிக்கும்

எல்மார் லென்ஸுக்கு மின்கலம் வேண்டாம். கெட்டுப்போகும் கம்பியும் இல்லை. ஆகையால், பேணி வைத்த லென்ஸ் இன்றும் வேலை செய்கிறது. வளையம் ஒன்றை இடையில் மாட்டி, புதிய டிஜிட்டல் காமிராக்களிலும் பயன்படுத்துகிறார்கள். கைப்பக்குவம் மட்டும் தெரிய வேண்டும்.

படம் முழுவதும் மங்கலா? லென்ஸின் குழாயை வெளியே இழுத்துத் திருப்பிப் பூட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதை மறப்பவர்கள்தான் அதிகம். டிஜிட்டல் காமிராவில் மாட்டியிருக்கும்போது குழாயை உள்ளே தள்ளக் கூடாது. பின்முனை உள்ளே இடித்துவிடலாம்.

வெளிச்சத் துவாரத்துக்கு எண்கள் உண்டு. சின்ன எண் என்றால் பெரிய துவாரம். வெளிச்சம் அதிகம் நுழையும். தெளிவாகத் தெரியும் தூரம் குறையும். பெரிய எண் வைத்தால் முன்னும் பின்னும் அதிக தூரம் தெளிவாகும்.

வெயில் நேராக விழுந்தால் படம் வெளுத்துப் போகும். பழைய கண்ணாடிகளில் ஒளிச் சிதறலைத் தடுக்கும் பூச்சு இல்லை. சூரியனை முதுகுப்பக்கம் வைத்து எடுப்பது நல்லது. லென்ஸுக்கு முன்னால் குல்லாய் மாட்டினாலும் போதும்.

வாங்கும்போது டார்ச் விளக்கை ஒரு பக்கம் அடித்து, மறு பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். பனி மூட்டம் போலத் தெரிந்தால் உள்ளே படலம் படிந்திருக்கிறது. சிலந்தி வலை போல இழை ஓடினால் அது பூஞ்சை. ஈரமில்லாத இடத்தில் வைத்தால் பூஞ்சை வராது.

வளையம் திரும்பவில்லையா? உள்ளே கிரீஸ் காய்ந்திருக்கும். முரட்டுத்தனமாகத் திருப்பக் கூடாது. எண்ணெய் விடவே கூடாது. எண்ணெய் துவாரத்தின் தகடுகளில் பரவிப் படலமாகும். பழுது பார்ப்பவரிடம் கொடுப்பதே நல்லது. கண்ணாடியில் தூசி இருந்தால் முதலில் காற்றடித்து ஊத வேண்டும். சட்டை நுனியால் துடைத்தால் கீறல் விழும்.

பழைய லைக்காவையே வைத்திருப்பவர்கள், மூடியில்லாத லென்ஸை வெயிலுக்கு நேராக வைக்கக் கூடாது. பூதக்கண்ணாடி காகிதத்தைப் பொசுக்குவது போல, உள்ளே இருக்கும் துணித் திரையில் ஓட்டை விழுந்துவிடும். அப்புறம் எல்லாப் படத்திலும் வெள்ளைப் புள்ளி விழும்.

அமைதியான முடிவு

பார்னாக்கின் நோய் அவரை விடவில்லை. 1936-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி, பாட் நௌஹைம் என்ற ஊரில் அவர் காலமானார். வயது 56.

அவருக்குப் பிறகும் அவர் காமிரா உலகமெங்கும் சுற்றியது. பிரான்சு நாட்டுக் கார்த்தியே பிரசோன், லைக்காவோடு இந்தியாவுக்கு வந்தார். 1948-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி காந்தியடிகளைச் சந்தித்தார். அவர் விடைபெற்றுச் சென்ற சற்று நேரத்தில் அண்ணல் சுடப்பட்டார். நாடு கண்ணீர் விட்ட அந்த நாட்களை அவருடைய காமிரா பதித்தது.

1979-ம் ஆண்டு முதல் பார்னாக்கின் பெயரால் சிறந்த போட்டோக்காரர்களுக்குப் பரிசு கொடுக்கப்படுகிறது.

1923-ம் ஆண்டு சோதனைக்காகச் செய்த காமிராக்களில் ஒன்றைப் பார்னாக் தாமே வைத்திருந்தார். அதன் மேல் அவர் பெயர் பொறித்திருக்கும். 2022-ம் ஆண்டு ஜூன் மாதம் அது ஏலத்துக்கு வந்தது. 1 கோடியே 44 லட்சம் யூரோ கொடுத்து ஒருவர் வாங்கினார்!

பெரிய பெட்டியைச் சுமக்க முடியாத நோயாளி, தம் கைக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று செய்துகொண்ட காமிரா அது.