ஒரு கம்ப்யூட்டர்... நான்கு பேர்!

குட்டீஸ், கம்ப்யூட்டரில் விளையாடுவது என்றால் உங்களுக்குக் கொள்ளை ஆசைதானே? ஆனால், அந்த விளையாட்டுகளை உருவாக்குபவர்கள் யார், எப்படி உருவாக்குகிறார்கள் என்று என்றாவது யோசித்தது உண்டா?

இன்று ஒரு பெரிய விளையாட்டை உருவாக்க நூற்றுக்கணக்கானோர் வேலை செய்கிறார்கள். 1980-களின் தொடக்கத்தில் அப்படி இல்லை. ஒருவரே யோசித்து, ஒருவரே புரோகிராம் எழுதி, ஒருவரே படமும் வரைந்து முடித்துவிடுவார். அந்தக் காலத்தில், சொந்த ஊரிலேயே நான்கு பேர் கொண்ட ஒரு சின்னக் குழுவைச் சேர்த்து, உலகமே இன்றுவரை பேசும் ஒரு விளையாட்டை உருவாக்கியவர்தான் டேனி பண்டன். அமெரிக்காவைச் சேர்ந்தவர். அவருடைய கதையைத்தான் இந்த வாரம் தெரிந்துகொள்ளப் போகிறோம்.

வீடு நிறைய பிள்ளைகள்

1949-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் தேதி, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் டேனி பிறந்தார். பிறகு அவருடைய குடும்பம் ஆர்கன்சா மாநிலத்தில் உள்ள லிட்டில் ராக் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது.

வீட்டில் மொத்தம் ஆறு பிள்ளைகள். டேனிதான் மூத்தவர். வருமானம் எப்போதும் போதுமானதாக இருக்கவில்லை. அதனால் மாணவராக இருக்கும்போதே மருந்துக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார் டேனி. சாரணர் இயக்கத்திலும் பொறுப்பு வகித்தார்.

பணம் குறைவாக இருந்தாலும், அந்த வீட்டில் ஒரு விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. அதுதான் விளையாட்டு! அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாகச் சுற்றி உட்கார்ந்து அட்டை விளையாட்டு, பலகை விளையாட்டு என்று ஆடுவார்கள். தம் குழந்தைப் பருவத்தின் இனிமையான நேரம் அதுதான் என்று டேனி பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். இதை மறந்துவிடாதீர்கள். அவருடைய வாழ்க்கை முழுவதற்கும் விதை இங்கேதான் விழுந்தது.

ஐம்பதே பிரதிகள்!

ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் தொழிலகப் பொறியியல் படித்து, 1974-ல் பட்டம் பெற்றார் டேனி. படிக்கும் காலத்திலேயே சொந்தமாக ஒரு சைக்கிள் கடையும் நடத்தினார். பிறகு, நகரங்கள் எப்படி இயங்குகின்றன என்பதைக் கம்ப்யூட்டரில் கணக்கிட்டுப் பார்க்கும் பணியில் ஈடுபட்டார்.

அப்போதுதான் வீட்டில் வைத்துப் பயன்படுத்தும் சிறிய கம்ப்யூட்டர்கள் கடைக்கு வரத் தொடங்கியிருந்தன. அவற்றில் ஒன்று ஆப்பிள் 2. அதில் ஆடுவதற்காக 1978-ல் டேனி உருவாக்கிய முதல் விளையாட்டு 'வீலர் டீலர்ஸ்'. ஏலம் கேட்டுப் பங்குகளை வாங்கும் விளையாட்டு அது. ஒரே நேரத்தில் நான்கு பேர் ஆடலாம். நான்கு பேரும் ஏலம் கேட்க வேண்டுமானால் ஆளுக்கு ஒரு பொத்தான் வேண்டுமே! அதற்கென்று தனியாக ஒரு கருவியையும் விளையாட்டோடு சேர்த்தே விற்றார்கள்.

அதனால் விலை எகிறியது. மற்ற விளையாட்டுகள் சுமார் 15 டாலருக்குச் சின்ன பிளாஸ்டிக் பைகளில் விற்றபோது, இதன் விலை 35 டாலர். விற்றது எவ்வளவு தெரியுமா? சுமார் 50 பிரதிகள்தான்!

வேறு யாராக இருந்தாலும் சோர்ந்துபோயிருப்பார்கள். டேனி ஓயவில்லை. அமெரிக்கக் கால்பந்து, வியாபாரம், போர் என்று வெவ்வேறு வகையில் மேலும் மூன்று விளையாட்டுகளை உருவாக்கினார். அவற்றில் தொழிற்சாலை நடத்தி வியாபாரம் செய்யும் 'கார்ட்டல்ஸ் அண்ட் கட்த்ரோட்ஸ்' என்ற விளையாட்டு ஒருவரின் கண்ணில் பட்டது. அவர் பெயர் டிரிப் ஹாக்கின்ஸ்.

நால்வர் அணி

1982-ல் கலிபோர்னியாவில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற புதிய நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார் ஹாக்கின்ஸ். அந்த விளையாட்டின் உரிமையை வாங்க அவர் ஆசைப்பட்டார். ஆனால், அதை வெளியிட்ட நிறுவனம் விட்டுக்கொடுக்கவில்லை. அதனால், அதைவிடச் சிறப்பாகப் புதிதாக ஒன்றைச் செய்து தரும்படி டேனியிடமே கேட்டார்.

டேனி சம்மதித்தார். கலிபோர்னியாவுக்குப் போய் வேலைக்குச் சேரவில்லை. லிட்டில் ராக் ஊரிலேயே தங்கி, சொந்தமாக ஒரு குழுவை அமைத்தார். தம்பி பில் பண்டன், ஜிம் ரஷிங், ஆலன் வாட்சன் ஆகிய மூவரும் டேனியோடு கைகோத்தார்கள். ஆர்கன்சா மாநிலத்தில் உள்ள ஓசார்க் மலைத்தொடரின் பெயரையே குழுவுக்கும் வைத்தார்கள்: 'ஓசார்க் சாப்ட்ஸ்கேப்'.

பெரிய கட்டடமோ, மேலாளரோ கிடையாது. ஒரு வீடுதான் அலுவலகம். ஆனால், குழுவுக்கு ஒரு நல்ல வசதி இருந்தது. என்ன தெரியுமா? உருவாக்கப் போவது நான்கு பேர் ஆடும் விளையாட்டு. குழுவில் இருப்பதும் நான்கு பேர்! செய்ததை உடனுக்குடன் தாங்களே ஆடிப் பார்க்கலாம். எங்கே சலிப்புத் தட்டுகிறது, எங்கே சிரிப்பு வருகிறது, எங்கே ஒருவர் மட்டும் ஜெயித்துக்கொண்டே போகிறார் என்று கவனித்துத் திருத்தலாம். அப்படித் திருத்தித் திருத்தி உருவானதுதான் 1983-ல் வெளிவந்த 'மியூல்'.

கோவேறு கழுதையும் வேற்றுக் கோளும்

மியூல் என்றால் கோவேறு கழுதை. விளையாட்டில் வருவது நிஜக் கழுதை அல்ல. எந்த வேலையும் செய்யும் இயந்திரக் கழுதை! கதை நடக்கும் இடம் 'இராட்டா' என்ற வேற்றுக் கோள். இது எங்கிருந்து வந்த பெயர் என்று கண்டுபிடியுங்கள் பார்ப்போம். விளையாட்டு முதலில் வந்தது அடாரி கம்ப்யூட்டரில். அடாரி என்பதை ஆங்கிலத்தில் எழுதிக் கடைசி எழுத்திலிருந்து படித்துப் பாருங்கள். புரிந்துவிட்டதா?

நான்கு பேர் அந்தக் கோளில் குடியேறுகிறார்கள். ஒவ்வொருவரும் நிலம் பிடிக்கிறார்கள். ஒரு கழுதையை வாங்கி, உணவு விளைவிப்பதா, மின்சக்தி எடுப்பதா, தாது தோண்டுவதா என்று முடிவு செய்து நிலத்தில் விடுகிறார்கள். உணவு குறைந்தால், அடுத்த முறை வேலை செய்யக் கிடைக்கும் நேரமும் குறைந்துவிடும். மின்சக்தி இல்லாவிட்டால் விளைச்சல் படுத்துவிடும். தாது தோண்ட ஆள் இல்லாவிட்டால் புதுக் கழுதைகள் செய்ய முடியாது. அவற்றின் விலை ஏறிவிடும்!

எல்லாவற்றையும் ஒருவரே செய்ய முடியாது. எனவே, பிறரிடம் வாங்கியே ஆகவேண்டும். அதற்குத்தான் சந்தை. விற்பவர்கள் திரையின் மேலே நிற்பார்கள். வாங்குபவர்கள் கீழே நிற்பார்கள். வாங்குபவர் மேலே நடந்தால் விலையைக் கூட்டுகிறார் என்று அர்த்தம். விற்பவர் கீழே இறங்கினால் விலையைக் குறைக்கிறார் என்று அர்த்தம். இருவரும் சந்திக்கும் இடத்தில் வியாபாரம் முடியும். நேரமோ ஓடிக்கொண்டே இருக்கும்! ஆளுக்கு ஒரு ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு, நான்கு பேரும் பேரம் பேசி, கெஞ்சி, கத்திக் கூச்சல் போடும்போது வீடே சந்தையாகிவிடும். அடாரி 800 கம்ப்யூட்டரில் நான்கு ஜாய்ஸ்டிக் செருகும் வசதி இருந்தது இதற்கு மிகவும் கைகொடுத்தது.

இதில் ஓர் அழகான விதியும் உண்டு. இடையிடையே அதிர்ஷ்டமும் துரதிர்ஷ்டமும் வரும். ஆனால், முதலிடத்தில் இருப்பவருக்கு அதிர்ஷ்டம் வராது. கடைசியில் இருப்பவருக்குத் துரதிர்ஷ்டம் வராது! பின்தங்கியவர் மனம் வெறுத்து எழுந்து போய்விடக் கூடாது அல்லவா? குடும்பத்தில் கடைக்குட்டியோடு ஆடிப் பழகியவருக்குத்தானே இந்த அருமை தெரியும்!

இன்னொன்று. கடைசியில் யார் பணக்காரர் என்று மட்டும் பார்க்க மாட்டார்கள். குடியிருப்பு மொத்தமும் எப்படி இருக்கிறது என்றும் பார்ப்பார்கள். தான் மட்டும் பிழைத்தால் போதும் என்று எல்லோரும் நினைத்தால், அத்தனை பேருக்கும் நஷ்டம்தான்.

எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் அந்தக் காலத்தில் தன் விளையாட்டுகளை இசைத்தட்டு உறை போன்ற அழகான அட்டைகளில் வெளியிட்டது. பாடகர்களைப் போலவே, விளையாட்டை உருவாக்கியவர்களின் பெயர்களையும் படங்களையும் அச்சிட்டது. வீட்டில் உட்கார்ந்து வேலை செய்த நால்வர் குழுவும் இப்படி ஊரறிய வந்தது.

பணமா, விருப்பமா?

பத்திரிகைகள் 'மியூல்' விளையாட்டைப் புகழ்ந்து தள்ளின. ஆனால், விற்பனை சுமார் 30,000 பிரதிகள்தான். பணம் கொடுத்து வாங்காமல் நகல் எடுத்து ஆடியவர்கள் ஏராளம்.

அடுத்த ஆண்டே, 1984-ல், 'செவன் சிட்டீஸ் ஆஃப் கோல்டு' என்ற விளையாட்டைக் கொண்டுவந்தது டேனியின் குழு. கப்பலேறி அமெரிக்கக் கண்டங்களைத் தேடிப் போகும் கதை அது. அங்கே வாழும் பூர்வகுடி மக்களோடு நட்பாகப் பழகுவதா, பலத்தைக் காட்டிப் பொன்னைப் பறிப்பதா என்பதை ஆடுபவரே முடிவு செய்ய வேண்டும். அதன் வரைபடம் மிகப் பெரியது. அந்தக் காலக் கம்ப்யூட்டரின் நினைவகத்தில் முழுவதும் அடங்காது. எனவே, ஆடுபவர் நடக்க நடக்க, அடுத்தடுத்த பகுதியை வட்டிலிருந்து எடுத்துக் காட்டும்படி புரோகிராம் எழுதினார்கள். இந்த விளையாட்டு 1,50,000 பிரதிகளுக்கு மேல் விற்றது! 'மியூல்' விற்றதைப்போல ஐந்து மடங்கு!

ஆனால், ஒன்றைக் கவனித்தீர்களா? இது ஒருவர் தனியாக ஆடும் விளையாட்டு.

இங்கேதான் டேனிக்குப் பெரிய சோதனை வந்தது. ஒருவர் ஆடும் விளையாட்டைச் செய்தால் பணம் வருகிறது. பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டைச் செய்தால் பாராட்டு வருகிறது, பணம் வருவதில்லை. குழுவுக்குத் தலைவர் என்றால், மற்றவர்களின் பிழைப்பையும் பார்க்க வேண்டுமே! 1985-ல் தனியாள் ஆடும் 'ஹார்ட் ஆஃப் ஆப்பிரிக்கா' வந்தது. ஆனால், டேனியின் மனம் மீண்டும் பழைய இடத்துக்கே திரும்பியது. 1986-ல் சீட்டுக் கட்டையும் கம்ப்யூட்டரையும் சேர்த்துக் குடும்பமே ஆடும்படி 'ரோபாட் ராஸ்கல்ஸ்' விளையாட்டை உருவாக்கினார். அதைத் தனியாக ஆடவே முடியாது. விற்றது சுமார் 9,000 பிரதிகள் மட்டுமே.

நாளடைவில் நால்வர் அணி கலைந்தது. நண்பர்கள் வேறு வேலைகளுக்குப் போனார்கள். டேனி மட்டும் தம் எண்ணத்தை விடவில்லை.

தொலைபேசிக் கம்பி வழியே...

ஒரே அறையில் நான்கு பேர் கூடுவது சிரமமா? சரி, வெவ்வேறு வீடுகளில் இருந்தபடியே ஆடட்டும் என்று யோசித்தார். 1988-ல் 'மோடம் வார்ஸ்' வந்தது. தொலைபேசிக் கம்பி மூலம் இரண்டு கம்ப்யூட்டர்களை இணைத்து, இருவர் மோதும் விளையாட்டு அது. ஆட்டம் முடிந்ததும், நடந்ததைத் திரும்பப் போட்டுப் பார்க்கும் வசதியும் இருந்தது. அப்போது மோடம் வைத்திருந்தவர்களோ மிகச் சிலர். இணையம் வீடுகளுக்குள் வராத காலம். எனவே, இதுவும் பெரிதாக விற்கவில்லை. 1990-ல் 'கமாண்ட் ஹெச்.க்யூ.', 1992-ல் நான்கு பேர் இணைந்து ஆடும் 'குளோபல் காங்க்வெஸ்ட்' ஆகியவையும் அவருடைய உழைப்பில் வெளிவந்தன.

பிறந்தபோது ஆண் என்று பதிவு செய்யப்பட்டவர் டேனி. தாம் ஒரு பெண் என்பதை உணர்ந்து, 1992-ல் பெண்ணாக வாழத் தொடங்கினார். டேனியெல் பண்டன் பெர்ரி என்று பெயரையும் மாற்றிக்கொண்டார். இப்படிப்பட்டவர்களைத் திருநங்கை என்று நாம் மரியாதையோடு அழைக்கிறோம். அன்றைய அமெரிக்காவில் அது எளிதான முடிவு அல்ல. அதன் பிறகு, விளையாட்டு உருவாக்குவோரின் மாநாடுகளில், மனிதர்களைச் சேர்த்துவைக்கும் விளையாட்டுகள் வேண்டும் என்று தொடர்ந்து பேசினார்.

'மியூல்' விளையாட்டைப் புதிய சேகா கருவிக்காக மீண்டும் கொண்டுவரும் வாய்ப்பும் வந்தது. ஆனால், துப்பாக்கியும் குண்டும் சேர்க்க வேண்டும் என்றார்கள். டேனி மறுத்துவிட்டார். அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

விளக்கு அணைந்தது, வெளிச்சம் இருக்கிறது

1998-ஆம் ஆண்டு மே மாதம், கம்ப்யூட்டர் விளையாட்டு உருவாக்குவோரின் சங்கம் டேனிக்கு வாழ்நாள் சாதனையாளர் விருது வழங்கியது. அப்போது அவர் நுரையீரல் புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்தார். ஜூலை 3-ஆம் தேதி காலமானார். அவருக்கு வயது 49 மட்டுமே.

2000-ல் வெளிவந்து உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்ற 'தி சிம்ஸ்' விளையாட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதை உருவாக்கிய வில் ரைட், அந்த விளையாட்டை டேனியின் நினைவுக்குச் சமர்ப்பித்தார். 2007-ல் விளையாட்டுத் துறையின் புகழ் மண்டபத்திலும் டேனியின் பெயர் சேர்க்கப்பட்டது. 50 பிரதிகள் விற்றவரின் பெயர்தான் அது!

இன்று நீங்கள் சென்னையில் உட்கார்ந்துகொண்டு, மதுரையில் இருக்கும் சித்தப்பா மகனோடு போனில் விளையாடுகிறீர்கள். அது சர்வ சாதாரணமாகிவிட்டது. ஆனால், கம்ப்யூட்டர் என்றாலே தனியாக உட்காரும் இயந்திரம் என்று எல்லோரும் நினைத்த நாளில், அதைச் சுற்றி நான்கு பேரை உட்கார வைக்க ஒருவர் படாத பாடு பட்டிருக்கிறார்.

அதனால், அடுத்த முறை கம்ப்யூட்டர் முன் உட்காரும்போது, பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடுங்கள். தங்கையையோ, எதிர்வீட்டு நண்பனையோ கூப்பிடுங்கள். கடைசியில் இருப்பவருக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். ஆட்டம் இன்னும் ருசிக்கும்!