கொள்ளும் கோளும்

அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில் அமைந்த சிற்றூர் ஏலாக்குறிச்சி. இலக்கிய உலகம் அதனைத் திருக்காவலூர் என்னும் பெயரால் அறியும். அவ்வூரின்மீது கலம்பகம் பாடியவர் வீரமாமுனிவர். தேம்பாவணி தந்த காப்பியப் புலவராகவும், பரமார்த்த குருவின் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்தவராகவும் நாம் அவரை அறிந்திருக்கிறோம். வானத்தைப் பற்றித் தமிழில் எழுதும்போதெல்லாம் அவருடைய கைத்தடத்தின் மீதே நாம் எழுதுகிறோம் என்பது பலரும் கவனியாத செய்தி.

கான்ஸ்டான்சோ ஜோசப் பெஸ்கி என்னும் இயற்பெயருடைய அவர் 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் இத்தாலியில் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தார். புவி நகர்கிறது என்று எழுதியமைக்காகக் கலிலியோ விசாரிக்கப்பட்டு அப்போது 47 ஆண்டுகளே ஆகியிருந்தன. 1698இல் பெஸ்கி இயேசு சபையில் சேர்ந்தார். அச்சபையினர் சிலர் சமயப் பணியோடு வானியலையும் கீழை நாடுகளுக்குக் கொண்டு சென்றவர்கள். சீனத் தலைநகரின் வான்நோக்கு நிலையத்திற்கு வெர்பீஸ்ட் என்னும் துறவி புதிய கருவிகளைச் செய்வித்தார். நமக்கு அண்மையிலுள்ள புதுச்சேரியில் 1689ஆம் ஆண்டு வால்வெள்ளி ஒன்றைத் தொலைநோக்கியால் கண்டுகொண்டிருந்த ரிஷோ என்னும் துறவி, தென்வானின் பேரொளி விண்மீன்களுள் ஒன்றான ஆல்பா சென்டாரி உண்மையில் இரட்டை மீன் என்பதைக் கண்டறிந்தார். 1710இல் கோவாவில் வந்திறங்கிய பெஸ்கி பின்னர்த் தமிழகத்தை அடைந்தார். அவர் கைக்கொண்ட கருவி எழுத்தாணி.

சுப்ரதீபக் கவிராயரிடம் அவர் தமிழ் கற்றார். முப்பது வயதைக் கடந்தபின் ஒரு மொழியைத் தொடங்கி, அம்மொழியிலேயே 3615 பாடல்கள் கொண்ட காப்பியம் பாடும் அளவுக்கு உயர்ந்தவரின் உழைப்பை விரித்துரைக்க வேண்டியதில்லை. முதலில் தைரியநாதர் எனப்பட்ட அவர், பின்னர் வீரமாமுனிவர் என்றே வழங்கப்பட்டார்.

வேற்றுமொழியாளர் ஒருவர் தமிழின் வானச் சொற்களைக் கற்கத் தொடங்கும்போது, ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் ஒரு பார்வை ஒளிந்திருப்பதைக் காணலாம். ஐரோப்பிய மொழிகளில் கோளைக் குறிக்கும் பிளானெட் என்னும் சொல்லுக்குக் கிரேக்கத்தில் அலைவது என்று பொருள். நிலைத்த மீன்களுக்கிடையே இடம் மாறித் திரிந்தவற்றைப் பார்த்தவர்கள் இட்ட பெயர் அது. தமிழிலோ கோள் என்பது கொள் என்னும் வினையின் வழிப் பிறந்தது. கெடு என்பது கேடு ஆனதுபோல முதனிலை திரிந்த தொழிற்பெயர். பற்றிக்கொள்வது என்பது அதன் பொருள். வடமொழிக் கிரகம் என்பதும் அதே பொருளுடையது. ஒரே ஒளிப்புள்ளியைப் பார்த்து ஒரு மொழியினர் அலைகிறது என்றனர். மற்றொரு மொழியினர் பற்றுகிறது என்றனர். இன்றும் நாம் கிரகணம் பிடித்தது, விட்டது என்கிறோம். சனி பிடித்தது என்கிறோம். கிரகணத்தைக் குறிக்கும் எக்லிப்ஸ் என்னும் சொல்லின் கிரேக்க மூலத்திற்கோ கைவிட்டுப் போதல் என்று பொருள்.

ஞாலம் என்னும் சொல்லை ஞாலுதல், அதாவது தொங்குதல், என்னும் வினையோடு தொடர்புபடுத்திச் சொல்லாய்வாளர் விளக்குவர். அழகிய விளக்கமே. எனினும் அதனைக் கொண்டு நம் முன்னோர் ஈர்ப்பு விசையை அறிந்திருந்தனர் என்று வாதிடுவது மிகை. சொல் ஒரு பார்வையைத் தருமேயன்றி ஒரு கணக்கைத் தராது. பழைய எண்ணிக்கையில் ஞாயிறும் திங்களும் இராகுவும் கேதுவும் ஒன்பது கோள்களுள் அடங்கின. நாம் நின்றுகொண்டிருக்கும் புவி அவற்றுள் இல்லை. பற்றுவது மேலே, பற்றப்படுவோர் கீழே என்னும் பார்வையில் புவிக்குக் கோள் என்னும் பெயர் தோன்ற வழியில்லை.

இத்தகைய நுட்பமான சொற்களை எழுதிவைத்த எழுத்தில் ஓர் இடர் இருந்தது. எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும், நெடில்கள் பெறா என்பது தொல்காப்பியர் காலந்தொட்டு வந்த மரபு. ஆயின் ஓலையில் புள்ளி குத்தினால் ஏடு துளைபடும். எனவே ஏடெழுதுவோர் புள்ளியை விட்டுவிட்டனர். மெய்யெழுத்தின் புள்ளிக்கும் அதே கதிதான். ஆகவே, ஏட்டில் உள்ள ஒரே வடிவத்தைக் கொள என்றும் கொள் என்றும் கோள் என்றும் படிக்கலாம். வினையினின்று பெயரைப் பிரிப்பது அந்த முதலெழுத்தின் நீட்டம் ஒன்றே. அந்த நீட்டத்திற்கு ஏட்டில் அடையாளமில்லை. யாப்பறிந்தவர் சீரைக் கொண்டு தெளிவரே என்று நினைக்கலாம். கொள், கோள் இரண்டும் நேரசையே! எதுகை அமைந்த இடமாயின் ஓரளவு உதவும். மற்ற இடங்களில் ஆசிரியரின் வாய்மொழியே துணை. ஆசிரியரை அடைய இயலாதவருக்கு ஏடு பாதி மூடிய கதவாகவே இருந்தது.

வீரமாமுனிவர் அவ்விடரைப் பிற மொழியினின்று வந்தவருக்கே உரிய கூர்மையுடன் உணர்ந்தார். குறிலை அப்படியே விடுத்து, நெடிலுக்குத் தனியடையாளம் அளித்தார். எகரத்தின் கீழ் ஒரு கோட்டை இழுத்தும், ஒகரத்தின் அடியைச் சுழித்தும் ஏகார ஓகாரங்களை வேறுபடுத்தினார். ஒற்றைக் கொம்பின் தலையைச் சுழித்து இரட்டைச் சுழிக் கொம்பாக்கினார். புள்ளியைப் போலன்றி, கோடும் சுழியும் ஓலையைத் துளைப்பதில்லை. எழுத்தாணி பிடித்துப் பழகியவரே கண்டுபிடிக்கக்கூடிய தீர்வு இது. அதன்பின் கொள் வேறு, கோள் வேறு என்பது கண்ணுக்கே தெரிந்தது.

அவருடைய மற்றொரு பணி 1732இல் நிறைவுற்ற சதுரகராதி. அதற்கு முன் தமிழில் சொற்பொருள் அறியப் பெரிதும் நிகண்டுகளே உதவின. திவாகரம் முதலிய நிகண்டுகள் பொருள் வகையால் தொகுக்கப்பட்டவை. ஞாயிற்றின் பெயர்களும் திங்களின் பெயர்களும் கடவுளர் பெயர்களோடு தெய்வப் பெயர்த் தொகுதியில் இருந்தன; நிலத்தின் பெயர்களோ இடப்பெயர்த் தொகுதியில் இருந்தன. திண்ணைப் பள்ளியில் நிகண்டை மனனம் செய்த சிறுவன் ஞாயிற்றைத் தெய்வமாகவும் ஞாலத்தை இடமாகவும் கொண்டே அச்சொற்களைக் கற்றான். நூலின் அடுக்குமுறையே உலகத்தின் அடுக்குமுறையாக அவன் உள்ளத்தில் பதிந்தது.

சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளை உடையது. ஒவ்வொன்றும் அகர வரிசையில் செல்வது. அகர வரிசை தெய்வத்தையும் மண்ணையும் பார்ப்பதில்லை. அந்த வரிசையில் ஞாயிறும் ஞாலமும் அண்டை வீட்டார். முதலெழுத்தை வைத்துச் சொற்களைத் தொகுக்கும் முயற்சி ரேவண சித்தரின் அகராதி நிகண்டில் 1594ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அது செய்யுள் நூல். செய்யுளை விடுத்து, தேடுவோர் எவரும் தாமே எடுத்துப் பார்க்கத்தக்க நூலாக அகராதியை ஆக்கியதே முனிவரின் பங்களிப்பு. அதனால் கோள்கள் பற்றிய நம்பிக்கை மாறிவிடவில்லை. மாற்றுவது அவர் நோக்கமும் அன்று. வானச் சொல் ஒன்றை அதன் பழைய கூட்டத்தினின்று தனியே எடுத்து நோக்க ஒரு வழி பிறந்தது, அவ்வளவே.

தொன்னூல் விளக்கம், இலத்தீனில் எழுதிய இரு தமிழ் இலக்கணங்கள், திருக்குறளின் அறத்துப்பாலுக்கும் பொருட்பாலுக்கும் செய்த இலத்தீன் மொழிபெயர்ப்பு எனப் பலவற்றை அளித்த வீரமாமுனிவர் 1747இல் மறைந்தார். சதுரகராதியை அவர் அச்சில் காணவில்லை. அது 1824இல்தான் சென்னையில் அச்சேறியது. அச்செழுத்து வார்ப்போருக்கு அவர் வகுத்த நெடில் வடிவங்கள் பெருந்துணையாயின.

புவியும் ஒரு கோளே என்று பாடநூல்கள் எழுதத் தொடங்கியபோது, தமிழ் புதுச்சொல்லைத் தேடவில்லை; பற்றுவது என்னும் பழஞ்சொல்லே பொருள் மாறியது. கோளைச் சுற்றுவதற்குத் துணைக்கோள் என்று பெயரிட்டனர். சாட்டிலைட் என்பதன் இலத்தீன் மூலத்திற்கும் உடன்செல்லும் காவலன் என்பதே பொருள். 1975ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் ஆரியபட்டா விண்ணில் ஏவப்பட்டபோது, மனிதரைப் பற்றும் என்று அஞ்சப்பட்ட சொல், மனிதர் செய்து அனுப்பிய பொருளுக்கு உரியதாகிச் செயற்கைக்கோள் என நின்றது. 1978இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்து ணா, றா, னா, லை முதலியவற்றின் பழைய வடிவங்களை மாற்றியது. கோ என்னும் எழுத்தின் முன்னே நிற்கும் இரட்டைச் சுழியை மட்டும் எவரும் தொடவில்லை.