துயரைச் செயலாக்கியவர்

நுழையும்முன்

துயரம், சினம், அச்சம் போன்றவற்றை உளவியலார் மனவெழுச்சிகள் என்பர். ஒரு செயலைத் தொடங்கவும் இடைவிடாது தொடரவும் நம்மைச் செலுத்தும் விசையை ஊக்கம் என்பர். பரிசும் புகழும் தருவது புற ஊக்கம். உள்ளத்தினின்று தானே எழுவது அக ஊக்கம். மனவெழுச்சி அக ஊக்கமாக மாறும் விதத்தை ஒரு மருத்துவரின் வாழ்க்கைவழி அறிவோம்.

பாடம்

முத்துலட்சுமி 1886ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி, மன்னர் கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள், இசை மரபில் வந்தவர். பருவமெய்திய பெண்கள் பள்ளி செல்லாத காலம் அது. முத்துலட்சுமி தந்தையின் துணையுடன் வீட்டிலிருந்தே பயின்று மெட்ரிகுலேசன் தேர்வில் வெற்றி பெற்றார். ஆடவர் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் சேர அவர் விரும்பியபோது எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவளித்தார். பின்னர், 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும் என்னும் உறுதிமொழியைப் பெற்ற பின்னரே, 1914இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

மருத்துவத் தொழில் அவருக்கு வருவாயும் மதிப்பும் அளித்தது. அவ்வளவில் அவர் மனநிறைவு அடைந்திருக்கலாம். 1923ஆம் ஆண்டு அவர் வாழ்வைத் திசைதிருப்பியது. தங்கை சுந்தரம்பாள் நோயுற்றார். முதலில் அது சீதபேதி என்று கருதப்பட்டது. உண்மையில் அது புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. தமக்கை மருத்துவராயிருந்தும் தங்கையைக் காக்க இயலவில்லை.

ஆழ்ந்த துயரம் மனிதரைப் பெரும்பாலும் முடக்கிவிடும். அத்துயரத்தைக் கற்றலோடு இணைத்தார் முத்துலட்சுமி. 1925இல் மேற்பயிற்சிக்காக இலண்டன் சென்றவர், அங்கே புற்றுநோய்க்கெனத் தனியே இயங்கிய மருத்துவமனையைக் கண்டார். உரிய காலத்தில் கண்டறிந்தால் இந்நோயைக் குணப்படுத்த இயலும் என்பதை உணர்ந்தார். அன்றுமுதல் துயரத்திற்கு ஒரு வடிவம் கிடைத்தது. அத்தகைய மருத்துவமனை ஒன்று சென்னையிலும் எழ வேண்டும் என்பதே அவ்வடிவம்.

நாடு திரும்பியவரைச் சென்னைச் சட்டமன்றம் அழைத்தது. நியமன உறுப்பினரான அவர் 1927இல் அதன் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டிவிடும் வழக்கம் அவருள் சினத்தை எழுப்பியது. அச்சினத்தை அவர் வசைமொழியாகச் செலவிடவில்லை. தீர்மானமாகவும் சட்டமுன்வரைவாகவும் மாற்றினார். அவ்வழக்கத்தை முற்றிலும் தடைசெய்யும் சட்டம் 1947இல் நிறைவேறியது. காந்தியடிகள் சிறைப்பட்டபோது, 1930இல், பதவியைத் துறந்தார். தங்க இடமின்றித் தம் வீட்டுக் கதவைத் தட்டிய சிறுமியர்க்கு அடைக்கலம் தந்தார். அவர்களுக்காகத் தொடங்கியதே ஔவை இல்லம்.

இத்தனை பணிகளுக்கிடையிலும் தங்கையின் நினைவு மங்கவில்லை. புற்றுநோய் வந்தால் இறப்பு உறுதி என்ற எண்ணம் பரவியிருந்தமையால், அதற்கெனப் பொருள் செலவிட ஆட்சியாளர் தயங்கினர். இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு அவர் மக்களிடம் நிதி திரட்டினார். மகன் கிருஷ்ணமூர்த்தியும் மருத்துவராகி அப்பணியில் இணைந்தார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு சூன் திங்களில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் செயல்படத் தொடங்கியது. மறு ஆண்டில் இளம் மருத்துவர் சாந்தா அங்குப் பணியில் சேர்ந்து, வாழ்நாள் முழுவதையும் அதற்கே அளித்தார்.

தங்கை மறைந்த ஆண்டிற்கும் மருத்துவமனை திறந்த ஆண்டிற்கும் இடையே 31 ஆண்டுகள் கடந்திருந்தன. மனவெழுச்சி விரைவில் தணியும் இயல்புடையது. அதனைத் தெளிவான இலக்கோடும், கல்வியோடும், பிறர் துணையோடும் பிணைத்தால் நெடுங்காலம் நிலைக்கும் ஊக்கமாகும். 1956இல் பத்மபூஷண் விருது வந்தது. அவ்விருது வரும்முன்பே பணி நடந்தேறியிருந்தது. 1968ஆம் ஆண்டு சூலை 22ஆம் நாள் முத்துலட்சுமி மறைந்தார். தம் உடன்பிறந்தாளுக்குக் கிட்டாத மருத்துவம், முகமறியாத எண்ணற்றோர்க்குக் கிட்டுமாறு செய்த பின்னரே அவர் விடைபெற்றார்.

சொற்பொருள்

இசைவு – சம்மதம்
அடைக்கலம் – புகலிடம்
தணிதல் – குறைதல்
விசை – உந்தும் ஆற்றல்

பயிற்சி

1. அக ஊக்கம், புற ஊக்கம் – வேறுபடுத்துக. முத்துலட்சுமியின் வாழ்விலிருந்து ஒவ்வொன்றிற்கும் ஒரு சான்று தருக.
2. முத்துலட்சுமியின் துயரத்திற்கு இலண்டன் பயணம் எவ்வாறு வடிவம் தந்தது?
3. சினத்தை வசைமொழியாகச் செலவிடுவதற்கும் சட்டமாக மாற்றுவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொந்த நடையில் எழுதுக.
4. பிரித்து எழுதுக: நோயுற்றார், அத்துயரம், அடிக்கல்.
5. சாந்தன்பாறையைச் சூழ்ந்த ஏலத்தோட்டங்களில் உழைப்போர் படும் இன்னல்களுள் உங்கள் மனத்தை வருத்திய ஒன்றைக் குறிப்பிடுக. அதைக் களைய நீங்கள் முதலில் கற்க வேண்டியது யாது, யாருடைய துணையை நாட வேண்டும் என்பனவற்றைப் பத்து வரிகளில் எழுதுக.