முதல் ஆட்டம் கொடுத்த வாத்தியார்



வருடா வருடம் நம் ஆண்டு மலரில் தலைவர்கள், விஞ்ஞானிகள் வாழ்க்கை வரலாறு வரும். இந்த வருடம் நான் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் வரலாற்றை எழுத ஆசைப்பட்டேன். அவர் பெயர் சையத் அப்துல் ரஹீம். ஹைதராபாத்காரர். இந்தியக் கால்பந்து அணிக்கு ஆசிய விளையாட்டில் 2 முறை தங்கம் வாங்கிக் கொடுத்தவர். 1963ல் இறந்துபோனார். 2024ல் இவர் கதையை 'மைதான்' என்று இந்தியில் சினிமாவாக எடுத்தார்கள். ஹாஸ்டலில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கைப்பேசியில் பார்த்தோம். சினிமா என்றால் கொஞ்சம் கூட்டிக் குறைத்துத்தான் இருக்கும் என்று, அதற்குப் பிறகு கிடைத்ததை எல்லாம் தேடிப் படித்தேன்.

இவரைப் பற்றி எழுத எனக்குத் தகுதி ஒன்றும் இல்லை. ஆனால் காரணம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பொட்டிப்புரம். நியூட்ரினோ ஆய்வகம் கட்டத் தேர்வு செய்த மலை என்று சொன்னால்தான் வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் தெரியும். அப்பாவுக்குக் காட்டு வேலை. அம்மா விடியுமுன்னே ஜீப்பில் மலை ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போவாங்க. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்தது நான்தான் முதல். ஊரில் வெள்ளாமை எடுத்த காட்டில் ரெண்டு பக்கமும் கல்லை வைத்து, வெறுங்காலோடு பந்து விளையாடிப் பழகியவன். முதல் வருடம் இங்கே டீமில் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்த வேலை தண்ணீர்க் கேன் தூக்குவது. ஒரு ஆட்டத்தில்கூட இறக்கவில்லை. அனுபவம் பத்தாது என்றார்கள். ஆடவிடாமல் அனுபவம் எங்கிட்டு இருந்து வரும் என்று மனசுக்குள்ளேயே கேட்டுக்கொண்டேன்.

இந்த வருடம் எனக்கு இடம் கிடைத்தது. ஆனால் மண்டலப் போட்டியில் பாதி ஆட்டத்தில் என்னை உட்காரவைத்து, முதல் வருடத் தம்பி ஒருவனை இறக்கினார்கள். எனக்கு வந்ததே கோபம்! கடைசி நேரத்தில் அவன் காலில் இருந்து பந்தைப் பறித்துக் கோல் போட்டு ஜெயித்துவிட்டார்கள். பஸ்ஸில் திரும்பும்போது எல்லாரும் அவனைத் திட்டினார்கள். நானும் ஒரு வார்த்தை சொன்னேன். அந்த வார்த்தையை இங்கே எழுத மாட்டேன். மறுநாளில் இருந்து அவன் கிரவுண்டுக்கு வரவில்லை.

இந்தக் குறுகுறுப்போடுதான் ரஹீம் வாத்தியாரின் வரலாற்றைப் படித்தேன்.

ரஹீம் 1909 ஆகஸ்ட் 17ல் ஹைதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே கல்லூரி டீமில் ஆடியவர். பி.ஏ. முடித்துவிட்டுப் பள்ளிக்கூட ஆசிரியர் ஆனார். காச்சிகூடா நடுநிலைப்பள்ளி, தாருல் உலூம் உயர்நிலைப்பள்ளி, சாதர்காட் உயர்நிலைப்பள்ளி என்று பல பள்ளிகளில் வேலை பார்த்தார். பிறகு உடற்கல்வியில் டிப்ளமோ வாங்கினார். ஆமாம் நண்பர்களே, அவரும் ஒரு டிப்ளமோக்காரர்தான்! வகுப்பறையில் இருந்து மைதானத்துக்கு வந்தார். நகரத்துக் கால்பந்து சங்கத்தின் செயலாளர் பொறுப்பையும் ஏற்றார். 1950 முதல் சாகும்வரை ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார்.

இந்த மூன்று பொறுப்பும் ஒரே ஆளிடம் இருந்ததுதான் விசேஷம். இப்போது பெரிய கிளப்புகள் அகாடமி வைத்து, சின்ன வயசிலேயே பையன்களைச் சேர்த்து வளர்க்கின்றன. அந்தக் காலத்தில் ஹைதராபாத்தில் அதெல்லாம் ஏது? பள்ளிக்கூட மைதானமே அகாடமி. அங்கே பையனைக் கண்டுபிடிப்பது வாத்தியார் ரஹீம். லீக் ஆட்டத்தில் அவனுக்கு வழி காட்டுவது செயலாளர் ரஹீம். தேறியவனைப் போலீஸ் அணிக்கு எடுப்பது பயிற்சியாளர் ரஹீம். போலீஸ் அணியில் சேர்ந்தால் அரசாங்க உத்தியோகமும் உண்டு. வீட்டில் அடுப்பு எரியும். ஏழை வீட்டுப் பையன் பந்தை விடாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பையன்களைத் தயார் செய்ய அவர் பிடித்த வழிகள் வேடிக்கையானவை. பந்தைக் காலிலேயே உருட்டிக்கொண்டு போகக்கூடாது, வந்தவுடன் அடுத்தவனுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு போட்டி வைத்தார். பழக்கம் இல்லாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்று இன்னொரு போட்டி. குள்ளமான பையன்களுக்கு என்று தனிப் போட்டி. பார்க்க விளையாட்டு மாதிரி இருந்தாலும் ஒவ்வொன்றிலும் ஒரு பாடம் இருந்தது. ஒர்க்‌ஷாப்பில் நமக்கு முதலில் ஃபைலிங், அப்புறம் லேத் என்று படிப்படியாகக் கொடுக்கிற மாதிரிதான்.

பலன் என்ன தெரியுமா? 1950 முதல் 1954 வரை தொடர்ந்து 5 வருடம் பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கோப்பையை ஹைதராபாத் போலீஸ் அணி ஜெயித்தது. 1950ல் டுராண்ட் கோப்பை இறுதி ஆட்டத்தில், பேர்பெற்ற மோகன் பகான் அணியோடு முதலில் டிரா. மறு ஆட்டத்தில் 1-0 என்று வென்றார்கள். கல்கத்தாவைத் தவிர வேறு எங்கும் கால்பந்து கிடையாது என்ற பேச்சு அதோடு போச்சு.

1951ல் டில்லியில் முதல் ஆசிய விளையாட்டு நடந்தது. இந்திய அணிக்குப் பயிற்சியாளர் ரஹீம். இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம் வாங்கினார்கள். கோல் போட்டவர் மேவாலால். ஆனால் அடுத்த வருடமே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று அடி! நம் ஆட்கள் பலர் பூட்ஸ் இல்லாமல் ஆடினார்கள். படித்தபோது எங்கள் ஊர்க் காட்டில் நாங்கள் ஆடியது ஞாபகம் வந்தது.

அதோடு மூலையில் உட்காரவில்லை அவர். பூட்ஸ் பழக்கினார். ஐரோப்பிய அணிகள் ஆடுகிற முறைகளைக் கவனித்தார். புது ஆட்களைத் தேடினார். அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் துளசிதாஸ் பலராம். செகந்திராபாத் பக்கம் அம்முகூடாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். ஏழ்மையான வீடு. பயிற்சிக்கு வந்துபோகக் காசு இல்லை என்று தெரிந்து, சைக்கிள் வாடகைக்கு ரஹீமே பணம் கொடுத்ததாகச் சொல்வார்கள். 1956ல் ஹைதராபாத் அணிக்கு ஆடிய பலராமை, அதே வருடம் மெல்போர்ன் ஒலிம்பிக்குக்கும் கூட்டிக்கொண்டு போனார். அந்த அணியில் இருந்த பி.கே. பானர்ஜிக்கும் அப்போது 20 வயதுதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். அப்போது ஆட்டத்தின் நடுவில் ஆள் மாற்றும் வசதி இப்போது போல் கிடையாது. உலகக் கோப்பையிலேயே 1970ல்தான் அது வந்தது. ஒரு பையனை இறக்கிவிட்டால் கடைசி வரைக்கும் அவன்தான். தப்பு நடந்தால் திருப்பி எடுக்க முடியாது. பழி பயிற்சியாளர் தலையில்தான் விழும். அது தெரிந்தே இறக்கினார் ரஹீம்.

மெல்போர்னில் இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்றது. நெவில் டிசோசா 3 கோல் போட்டார். அரையிறுதியில் மறுபடியும் அதே யூகோஸ்லாவியா. முதல் கோலை இந்தியாதான் போட்டது. கடைசியில் 1-4 என்று தோற்றாலும், 4 வருடத்துக்கு முன் 10 கோல் வாங்கியதை நினைத்துப் பாருங்கள். அந்த ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு நான்காம் இடம். இன்றுவரை ஒலிம்பிக் கால்பந்தில் நாம் அதைத் தாண்டவில்லை.

ரஹீம் பிறந்த அதே 1909ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர் மாட் பஸ்பி. சுரங்கத் தொழிலாளி மகன். அவர் இங்கிலாந்தில் மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பில் ஏறக்குறைய இதே காலத்தில் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். 1953ல் டங்கன் எட்வர்ட்ஸ் என்ற பையனை 16 வயதில் முதல் அணியில் இறக்கினார். அந்த இளசுகளை வைத்தே 1956லும் 1957லும் லீக் பட்டம் வாங்கினார். 1958ல் மியூனிக் விமான விபத்தில் அவர் அணியில் 8 பேர் செத்துப்போனார்கள். டங்கனும் போய்விட்டான், 21 வயதில். பஸ்பி மறுபடியும் இளசுகளைச் சேர்த்து 1968ல் ஐரோப்பியக் கோப்பையையே வாங்கினார். இங்கே போலீஸ் அணி, அங்கே தொழில்முறை கிளப். பணம் காசில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இளையவனை நம்பியதில் மட்டும் இரண்டு பேரும் ஒன்றுதான்.

ரஹீம் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் 1960 ரோம் ஒலிம்பிக். அவர் மகன் எஸ்.எஸ். ஹக்கீம் அந்த அணியில் ஒருவர். ஆனால் ஒரு ஆட்டத்தில்கூட அவர் களம் இறங்கவில்லை. அப்பாதான் பயிற்சியாளர், மகன் வெளியே உட்கார்ந்து பார்க்கிறார்! வாய்ப்புக் கொடுப்பதில் ரஹீமுக்குச் சொந்தம் பந்தம் கிடையாது என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. ஹக்கீமும் கால்பந்தை விட்டு ஓடிவிடவில்லை. பின்னால் சர்வதேச நடுவராக, பயிற்சியாளராகப் பேர் வாங்கினார். பாதி ஆட்டம் உட்கார்ந்ததற்கே நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதை நினைத்து வெட்கப்பட்டேன்.

1962ல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. அப்புறம் தாய்லாந்து, ஜப்பான், அரையிறுதியில் தெற்கு வியட்நாம் என்று வரிசையாக வென்று இறுதிக்கு வந்தால், எதிரே மறுபடியும் தென் கொரியா. இஸ்ரேலையும் தைவானையும் போட்டிக்கு விடாததை நம் நாட்டு அதிகாரி ஒருவர் தட்டிக்கேட்டதால், மைதானத்தில் கூடிய அம்புட்டுக் கூட்டமும் இந்தியாவுக்கு எதிராகக் கத்தியது. தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் தையல். அவரை முன்வரிசைக்குக் கொண்டுபோனார் ரஹீம். உடம்பு சரியில்லாமல் இருந்த பீட்டர் தங்கராஜை இறுதி ஆட்டத்தில் மறுபடி கோலுக்கு நிறுத்தினார். பி.கே. ஒரு கோல், ஜர்னைல் ஒரு கோல். 2-1 என்று தங்கம்! கேப்டன் சுனி கோஸ்வாமிக்கு வயது 24. தடுப்பில் நின்ற அருண் கோஷுக்கு 21. இன்னொரு தமிழ்ப் பேரும் அந்த அணியில் உண்டு. அவர் அருமைநாயகம்.

அந்த நேரத்தில் புற்றுநோய் ரஹீமைத் தின்றுகொண்டிருந்தது. 1963 ஜூன் 11ல் இறந்தார். வயது 53. அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா தங்கம் வாங்கவே இல்லை. 1970ல் கிடைத்த வெண்கலம்தான் கடைசி. அதற்கும் பயிற்சி கொடுத்தவர்களில் ஒருவர் ரஹீமின் சிஷ்யர் பி.கே. பானர்ஜி.

வாத்தியார் போனாலும் அவர் போட்ட வழியில் சிலர் நடந்தார்கள். 1987ல் ஜாம்ஷெட்பூரில் டாடா கால்பந்து அகாடமி ஆரம்பித்தது. சுனியும் பி.கே.யும் அங்கே பொறுப்பில் இருந்தார்கள். 2010ல் இளம் வீரர்களை மட்டும் வைத்து, பின்னால் இந்தியன் ஆரோஸ் என்று பெயர்பெற்ற அணியை அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு உண்டாக்கி, பெரியவர்களோடு ஐ-லீக்கில் ஆடவிட்டது. நிறையத் தோற்றார்கள். ஆனால் அதில் இருந்து வந்த பலர் இந்தியாவுக்கே ஆடினார்கள். அந்த அணி நடுவில் நின்றது, 2017ல் மறுபடி வந்தது, 2022ல் மறுபடி நிறுத்தப்பட்டது. நம் சென்னையின் எஃப்.சி. 2016ல் மிசோரம் பையன் ஜெர்ரி லால்ரின்சுவாலாவை 18 வயதில் களம் இறக்கியது. அந்த சீசனின் சிறந்த இளம் வீரர் விருது அவனுக்குத்தான். 18 என்றால் என் வயசு!

நண்பர்களே, இது பந்துக்கு மட்டும் உள்ள சங்கதியா? நாளைக்கு டிப்ளமோவைத் தூக்கிக்கொண்டு கம்பெனி வாசலில் நின்றால் முதல் கேள்வியே அனுபவம் இருக்கா என்பதுதான். வீட்டில் முதலாவதாகப் படிக்கிற என்னைப் போன்றவனுக்குச் சிபாரிசு செய்ய ஆள் கிடையாது. யாரோ ஒருத்தர் நம்பி லேத்தைத் தொடவிட்டால்தான் உண்டு. என் முதல் ஜாப்பை நான் கெடுத்தபோது ஒர்க்‌ஷாப் சார் திட்டவில்லை. இன்னொரு ராடு எடுத்துக் கையில் கொடுத்தார். மண்டலப் போட்டியில் அந்தத் தம்பிக்கு நாங்கள் அந்த இன்னொரு ராடைக் கொடுக்கவில்லை.

மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. வருகிற வருடம் நட்பு ஆட்டங்களில் முதல் வருடத்தார் 2 பேரையாவது ஆரம்பத்தில் இருந்தே இறக்குங்கள். தோற்றால் பழியை மூத்தவர்கள் நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். அதற்காக என் இடம் போனாலும் போகட்டும். கொஞ்சம் வலிக்கும், பரவாயில்லை.

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று நம்புகிறேன். பஸ்ஸில் அன்றைக்கு நான் சொன்னது தப்பு. காலையில் ஆறு மணிக்குக் கிரவுண்டில் இருப்பேன். பூட்ஸ் இல்லை என்று நினைக்காதே. என்னுடையது உனக்குச் சரியாக இருக்கும்.

வாழ்க ரஹீம் வாத்தியார் புகழ்! வளர்க நம் மாணவர் ஒற்றுமை!

– இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், பொட்டிப்புரம்